குடிமைப் பாடமும் விடியற்கால ஜீப்பும்

சமூக அறிவியல் என்றாலே பள்ளிக்கூடத்தில் ஒரு இளப்பம் உண்டு. கணக்குக்கும் அறிவியலுக்கும் டியூசன் தேடுகிறவர்கள் இதற்கு மட்டும் "நாலு நாளு உக்காந்து உருப்போட்டா பாஸாயிரலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே புத்தகத்துக்குள் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று நாலு பாடம். வால்பகுதியில் கிடப்பவை பின்னிரண்டும். ஆனால் அரசு ஒரு சேரிப் பிள்ளையைப் பார்த்து நேராகப் பேசுகிற பக்கங்கள் அவைதாம். நீ இந்த நாட்டில் யார், உனக்கு என்ன உரிமை, உன் ஆத்தாளும் அப்பனும் பார்க்கிற வேலைக்கு நாட்டின் கணக்கில் என்ன இடம் என்று சொல்ல வேண்டியவை. 2018-19இலும் அதற்கடுத்த ஆண்டிலும் தமிழ்நாடு அரசு புதிதாக எழுதி வெளியிட்ட ஒன்பது, பத்தாம் வகுப்பு நூல்களை, போடிநாயக்கனூரில் ஏலமலைக்கு ஏறி இறங்குகிற சனங்களின் பிள்ளைகளோடு மாலை வகுப்பில் சேர்ந்து வாசித்ததில் தோன்றியவற்றை இங்கே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். பழைய நூல்களைவிட இவை எவ்வளவோ மேல். இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் பத்தாம் வகுப்பு வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறார்கள். நாங்களெல்லாம் இந்தப் பெயர்களை எம்.ஏ. படித்து முடித்த பிறகு சிறுபத்திரிகைகளில்தான் தெரிந்துகொண்டோம். நூலின் முன்பக்கத்தில் தீண்டாமை பற்றி அச்சிடுகிற வாசகமும் மாறியிருக்கிறது. முன்பு அதைப் பாவம் என்றும் சேர்த்துச் சொல்லிவந்தார்கள். இப்போது மனிதநேயமற்றது, பெருங்குற்றம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பாவம் என்றால் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடலாம். குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். வேண்டும், சாட்சி வேண்டும், தண்டனை வேண்டும். சரி, குற்றம் என்று அட்டைக்கு அடுத்த பக்கத்தில் சொன்னவர்கள் உள்ளே என்ன சொல்கிறார்கள் என்று புரட்டினால், அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு உரிமைகளின் பட்டியலில் ஒரு வரியாக நிற்கிறது. ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும்.

போடிக்காரப் பிள்ளைக்குப் போதாது. 1989 செப்டம்பரில் போடியிலும் மீனாட்சிபுரத்திலும் சுற்றுவட்டாரத்து ஊர்களிலும் சாதிக் கலவரம் நடந்தது. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஏட்டில் ஏறியதும் அதே 1989 செப்டம்பரில்தான், 11-ஆம் தேதி. நடைமுறைக்கு வந்தது 1990 ஜனவரி 30இல். டெல்லியில் சட்டம் எழுதிக்கொண்டிருந்த மாதத்தில் இங்கே கூரை எரிந்துகொண்டிருந்தது. இதைச் சொன்னபோது ஒரு பையன், "எங்க அப்பத்தா சொல்லும் சார், மூட்டையக் கட்டிக்கிட்டு மலைக்கு ஓடுனோம்னு. அது இந்தச் சட்டத்துக்குள்ள வருமா?" என்று கேட்டான். குடிமையியல் பாடம் தொடங்க வேண்டிய இடம் அந்தக் கேள்வி. அப்பத்தாவுக்குத் தெரிந்தது புத்தகத்துக்குத் தெரியவில்லை, புத்தகத்துக்குத் தெரிந்தது அப்பத்தாவுக்குத் தெரியவில்லை. இரண்டும் சந்திக்காமல் பார்த்துக்கொள்வதைத்தான் பாடத்திட்டம் என்கிறோமோ என்னவோ.

பாடத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும், குறளில் 'குடிமை' என்று ஓர் அதிகாரம் உண்டு. நல்ல குடியில் பிறந்தவனின் இயல்பு பற்றியது அது. பிறப்பு அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 'குடிமகன்' என்றால் கிராமத்தில் யார்? ஊருக்கு முடிவெட்டுகிறவர். ஊருக்கு ஊழியம் செய்யக் கட்டுப்பட்டவர்களுக்கெல்லாம் சேர்த்துக் 'குடிமக்கள்' என்று பெயர். ஊர்க் குடிமகன் நம் ஆட்களுக்கு முடிவெட்டக் கூடாது என்பது ஊரின் சட்டம். ஆக, ஊழியம் செய்தவரைக் குறித்த சொல்லைக் கொண்டுதான் உரிமை உள்ளவரைக் குறிக்க வேண்டியதாயிற்று. சொல்லைப் பழிக்கவில்லை, சொற்கள் பொருள் மாறக்கூடியவை. அது எப்படி மாறியது, யார் போராடி மாற்றினார்கள் என்பதை ஒரு பத்தியில் சொல்லியிருக்கலாம். இன்று பையன்களிடம் குடிமகன் யார் என்று கேட்டால் டாஸ்மாக் வாசலைக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

குடவோலைக்கு வருவோம். உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி, ஆயிரம் வருடத்துக்கு முன்பே நமக்குத் தேர்தல் தெரியும் என்று மார்தட்டாத சமூக அறிவியல் வகுப்பு தமிழ்நாட்டில் இல்லை. அந்தக் கல்வெட்டு தகுதியென்று கேட்பது என்ன? வரி கட்டுகிற கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. அது பிராமணர்களின் சபை. பறையன் பேரும் பள்ளன் பேரும் சக்கிலியன் பேரும் அந்தக் குடத்துக்குள் ஒரு நாளும் விழுந்திருக்காது. ஜனநாயகத்தின் பெருமையாக நடத்துகிற இதையே, ஜனநாயகத்திலிருந்து ஆளை எப்படிக் கழித்துக்கட்டினார்கள் என்பதற்கு முதல் உதாரணமாகவும் நடத்தலாமே?

இந்தத் தந்திரம் நம் ஊர்ச் சொத்து மட்டுமில்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பர்களுக்கு வாக்குரிமை 1870-லேயே அரசியலமைப்பில் எழுதப்பட்டுவிட்டது. ஆனால் பதிவு செய்யப் போனால் எழுதப்படிக்கத் தெரியுமா, மாநில அரசியலமைப்பை வாசித்துக் காட்டு என்பார்கள். அங்கே வேதம், இங்கே வாசிப்புத் தேர்வு. தென் கரோலினாவில் ஜான்ஸ் தீவு என்று ஒரு தீவு. அங்கிருந்து சார்ல்ஸ்டன் நகரத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களைத் தன் பேருந்தில் ஏற்றிப்போன எசா ஜென்கின்ஸ், போகிற வழியிலேயே அரசியலமைப்பின் பகுதிகளை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1957 ஜனவரியில் அதுவே ஒரு பள்ளிக்கூடமானது. பாடம் நடத்தியவர் பெர்னிஸ் ராபின்சன், அழகு நிலையம் வைத்திருந்த பெண். திட்டத்தை வளர்த்தவர் செப்டிமா கிளார்க், கறுப்பர் முன்னேற்றச் சங்கத்திலிருந்து விலக மறுத்ததற்காக ஆசிரியை வேலையைப் பறிகொடுத்தவர். 'குடிமைப் பள்ளிகள்' என்றே அவற்றுக்குப் பெயர். பெயரைக் கையெழுத்திடுவது, மணியார்டர் பாரம் நிரப்புவது, அரசியலமைப்பை வாசிப்பது எல்லாம் ஒரே பாடம். வாசிப்புத் தேர்வுகளை நிறுத்திவைத்த வாக்குரிமைச் சட்டம் வந்தது 1965-இல்தான். குடிமையியலை உருப்போடுகிற பாடமாக இல்லாமல், பதிவு அலுவலகத்தின் கதவைத் தட்டப் போகிறவனுக்கான பயிற்சியாக அந்தப் பேருந்து வைத்திருந்தது.

நமக்கு அப்படிக் கதவுகள் இல்லையா? ஒன்பதாம் வகுப்பில் உள்ளாட்சி பற்றிப் பாடம் இருக்கிறது. ரிப்பன் பிரபு வருகிறார், பல்வந்த்ராய் மேத்தா வருகிறார், 73-ஆவது திருத்தம் வருகிறது. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி. அந்தப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளைத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய 1996 முதல் 2006 வரை, தேர்தலை நடத்தவிடாமலும், நடந்தால் வென்றவரை உடனே ராஜினாமா செய்யவைத்தும் சாதி இந்துக்கள் ஊராட்சியைப் பூட்டிவைத்தார்கள். மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். 73-ஆவது திருத்தத்துக்கு ரத்தத்தால் எழுதிய உரை இவை. பாடத்தில் ரிப்பன் இருக்கிறார், முருகேசன் இல்லை. எங்கோ லண்டனிலிருந்து வந்தவர் உள்ளாட்சியின் தந்தை. உள்ளாட்சிக்காகச் செத்தவர் யாருக்கு என்ன உறவோ?

பொருளியலுக்குப் போவோம். இங்கே சாதி என்ற பேச்சே கிடையாது. பத்தாம் வகுப்பில் மொத்த உள்நாட்டு உற்பத்தி, மொத்த நாட்டு உற்பத்தி, தலா வருமானம் என்று வரிசையாக இலக்கணம். இந்தக் கணக்குமுறையை 1934-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போட்டுக் கொடுத்தவர் சைமன் குஸ்நெட்ஸ். ஒரு நாட்டின் நல்வாழ்வை இந்த எண்ணை வைத்து அளக்க முடியாது என்று அதே அறிக்கையில் எச்சரித்தவரும் அவரே. வீட்டில் பெண்கள் செய்கிற வேலை அந்தக் கணக்கில் சேராது. இதையெல்லாம் சொல்லிவிட்டுச் சூத்திரத்தை எழுதினால் பிள்ளைகள் மண்டையில் ஏறும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. போடியிலிருந்து விடியற்காலம் ஜீப்புகள் புறப்படுகின்றன. ஆட்களை அடைத்துக்கொண்டு முந்தல் வழியாக வளைவு வளைவாக ஏறி, போடிமெட்டில் எல்லையைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் தோட்டங்களுக்குப் போகின்றன. பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து, செடியின் அடித்தூரில் காய் எடுக்கிறார்கள். பொழுது சாய இறங்கிவிடுகிறார்கள். காய் விளைந்தது கேரளத்தில், எனவே அது கேரளத்தின் உற்பத்தி. கூலி வந்து சேர்வது தமிழ்நாட்டு வீட்டுக்கு. 'உள்நாட்டு' உற்பத்திக்கும் 'நாட்டு' உற்பத்திக்கும் என்ன வித்தியாசம் என்று புத்தகம் ஒரு பக்கம் முழுக்க மல்லுக்கட்டுகிறதே, அதை இந்த ஒரு ஜீப்பை வைத்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஒன்பதாம் வகுப்பில் இடம்பெயர்தல் பற்றியும் பாடம் உண்டு. தினமும் மாநிலம் தாண்டிப்போய், தினமும் திரும்பி வருகிற இந்தப் பெண் அந்த அட்டவணைகள் எதிலும் வரமாட்டாள். வசிப்பிடம் மாறினால்தான் கணக்கு.

விலைக்கு வாருங்கள். 2018 வெள்ளம், பிறகு வறட்சி என்று விளைச்சல் குறைந்ததால், 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது. தேவை, அளிப்பு, விலை என்று புத்தகம் நடத்துவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. "அந்த மாசம் உங்க ஆத்தா கூலி ஏறுச்சா?" என்று கேட்டேன். ஏறவில்லை என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். ஏன் ஏறவில்லை என்பதற்குப் பதில் தேவை-அளிப்புக் கோட்டில் இல்லை. தோட்டம் யாருடையது, குனிகிறவர்கள் யார், வேறு வேலைக்கு அவர்கள் போக முடியுமா என்பதில் இருக்கிறது. சாதி உழைப்பைப் பிரித்ததோடு நிற்கவில்லை, உழைப்பவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்துவைத்தது என்று அம்பேத்கர் 1936-இல் எழுதினார். 1913-இல் கொலம்பியாவுக்குப் போய்ப் பொருளாதாரம் படித்தவர். செலிக்மனிடம் படித்தார், ஜான் டூயியின் வகுப்பில் உட்கார்ந்தார். நம் பிள்ளைகளுக்கோ அவர் சட்டம் எழுதியவர், கோட்டுப் போட்டவர், சிலையாக நிற்பவர். ரூபாயைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்தது. குடிநீர், மருத்துவம், பிள்ளைமடுவம் எல்லாம் அதில் இருந்தன. பிறகு 2020-இல் இயற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அதைச் சேர்த்துக் கரைத்தார்கள். அந்தச் சட்டம் ஐந்து எக்டேருக்கும் பதினைந்து ஆட்களுக்கும் மேற்பட்ட தோட்டங்களுக்கென்று எழுதப்பட்டது. ஏலத் தோட்டங்களில் எத்தனையோ அந்த அளவுக்குக் கீழே. இருக்கிற சட்டத்தைக் கேட்டு வாங்க முடியுமா என்றால், முடியும் என்று காட்டியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் போனஸைக் குறைத்தபோது தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழ் தலித் பெண்கள், சங்கத் தலைவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, 'பெண்கள் ஒற்றுமை' என்று பேர் வைத்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். 232 ரூபாயாக இருந்த நாள்கூலி அந்த அக்டோபரில் 301 ஆனது. கேட்டது 500. ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் அழுத்தக் குழுக்கள் என்று ஒரு தலைப்பு இருக்கிறது, அதற்குக் கீழே வணிகர் சங்கமும் வரும், தொழிற்சங்கமும் வரும். மூணாற்றுச் சாலையில் உட்கார்ந்தவர்களை அங்கே காணோம்.

தலா வருமானம் நடத்துவதற்காக, ஆத்தாளின் கூலிச்சீட்டைக் கொண்டுவாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் ஒருத்தரும் கொண்டுவரவில்லை. "சீட்டெல்லாம் தரமாட்டாக சார், கணக்கு கங்காணி நோட்டுலதான் கெடக்கு" என்றாள் ஒரு பெண். சரி, நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவரச் சொன்னேன். இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். மற்றவர்களின் ஆத்தாமார், கேட்டால் அடுத்த நாள் ஜீப்பில் ஏற்றமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த இரண்டு கணக்கை வைத்துக்கொண்டுதான் அன்றைக்குச் சராசரி போட்டோம்.