லினோ அச்சில் விழுந்த ஒரு புள்ளி

சென்ற பெருநாளில் நமக்கு வந்த வாழ்த்து அட்டைகளுள் ஒன்று, விற்பனைக்கெனக் கையால் அச்சிடப்பட்டது. லினோலியத் தகட்டில் ‘ரஹ்மத்’ என்னும் சொல்லை நஸ்கு எழுத்தில் செதுக்கிக் கறுப்பு மையில் ஒற்றியிருந்தார்கள். உளிக்குத் தப்பிய துணுக்கொன்று மையை வாங்கி, ‘ரா’வின் தலைமேல் புள்ளியாக விழுந்திருந்தது. புள்ளி பெற்ற ‘ரா’ ஸகாத்தின் முதலெழுத்தாகிவிடும். அருளை வேண்டிய அட்டை ‘ஸஹ்மத்’, அதாவது நெரிசல் என வாழ்த்தியது!

குறை காணும் ஆசையால் இதைக் கூறவில்லை. ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சணல் துணியில் படிந்த லினோலியம், 1863இல் ஃபிரடெரிக் வால்டன் காப்புரிமை பெற்ற தரைவிரிப்பு. அதில் செதுக்கிய பள்ளம் வெள்ளையாக நிற்கும். மேடு மட்டுமே மை ஏற்கும். வலமிருந்து செல்லும் அரபியை இடமிருந்து வலமாகத் திருப்பிச் செதுக்கவேண்டும். நஸ்கின் தடிப்பும் மெலிவுமோ சாய்வாக வெட்டிய நாணற் பேனாவின் அசைவில் பிறப்பவை. உளி அவற்றைப் போலச் செய்யலாம், அவ்வளவே. ஈரானியப் பள்ளிவாசல்களில் செங்கல்லாலும் ஓட்டாலும் அமைந்த சதுரக் கூஃபியே இத்தகட்டுக்கு இணக்கமானது. நேர்கோடும் கட்டமும் உளிக்கு இயல்பாக வரும்.

அட்டையின் மூலையில் பென்சிலால் ‘7/50’ என்றிருந்தது நமக்கு உவப்பாக இல்லை. 1920களில் இலண்டனில் லினோ வெட்டைக் கற்பித்த கிளாட் ஃபிளைட், சாமானியர் சினிமாச் சீட்டின் விலைக்கு இதை வாங்க இயலவேண்டும் என விரும்பினார். அவர் மாணவர்களின் அச்சுகள் இன்று ஏலத்தில் பல்லாயிரம் பவுனுக்குப் போகின்றன. வாழ்த்து அட்டைக்கு எதற்கு அந்த அருமை?

மலிவான அச்சு நமக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டுக் கவிஞர் அபூ துலஃப் குறிப்பிடும் ‘தர்ஷ்’, தாயத்துத் தாள்களை அச்சிடும் அச்சேயாம் என்பர் ஆய்வாளர். எகிப்தில் கிடைத்த அத்தகைய தாள்களில் இறைவசனங்கள் உள்ளன. விற்றவர்கள் எத்தர்களாயினும், வாங்கிய ஏழை அதை மடித்து உடலோடு அணிந்தான். நம் அட்டையோ பெருநாள் கழிந்த வாரமே குப்பைக்குச் செல்கிறது. இதில் வசனம் பொறிக்காமல் ஒரு சொல்லோடு நின்ற செதுக்குநரின் அடக்கத்தைப் போற்றுகிறோம்.

அடுத்த ஆண்டும் ரஹ்மத்தையே செதுக்குவாராயின், ‘ரா’வைச் சுற்றிச் சணல் தெரியும்வரை உளியை இறக்கட்டும்.