தென்னை உச்சியில் பிறக்கும் சாராயம்

தீவில் வடிக்கும் மது என்றதும் ரசிகர்கள் ஸ்காட்லாந்தின் ஐலா விஸ்கியைத்தான் சொல்வார்கள். மேடவாக்கத்திலிருந்து மீனம்பாக்கம் போய் விமானம் ஏறினால், ஒன்றரை மணி நேரத்தில் அதற்கு ஈடான பரம்பரை கொண்ட தீவில் இறங்கலாம். இலங்கையின் தென்னஞ்சாராயத்தைச் சொல்கிறேன்.

களுத்துறை, வாதுவைக் கரையோரத் தோப்புகளில் மரத்துக்கு மரம் இரட்டைக் கயிறு ஓடும். கீழ்க்கயிற்றில் கால், மேல்கயிற்றில் கை. சீவுகிறவர் தரை இறங்காமலே மரம் மாறுவார். விரியாத பாளையை இறுகக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவி முட்டியைப் பொருத்துவார். முட்டியில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். விஸ்கிக்குத் தானியத்தை முளைகட்ட வேண்டும், ஈஸ்ட் சேர்க்க வேண்டும். கள்ளோ தானே நுரைத்துப் புளிக்கும். ஆனால் ஒரு நாளுக்குள் வடித்தாக வேண்டும்; தாமதித்தால் காடிதான்.

அப்படி அவசரமாகப் பிறந்ததை நிதானப்படுத்துவது ஹல்மில்ல மரத் தொட்டி. வியாபாரிகள் 'திருகோணமலை மரம்' என்ற இதே மரம் சென்னைக்கும் வந்தது; துறைமுகம் இல்லாத காலத்தில் அலை கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலா படகுகளுக்குப் பலகையானது. அந்த உறுதியான மரத்துக்குள் கிடந்துதான் சாராயத்தின் காரம் அடங்குகிறது. நல்ல சரக்கில் முதலில் மெல்லிய பூவாசம் வரும், பிறகு இளந்தித்திப்பு, கடைசியில் மரத்தின் துவர்ப்பு.

டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் சாராயக் குத்தகையில் கஜானா நிரப்பினார்கள். மொறட்டுவை டி சொய்சா குடும்பத்தின் பெருஞ்செல்வத்துக்கும் குத்தகையே முதல் படி. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுந்த மதுவிலக்கு இயக்கம் தேசிய எழுச்சிக்கும் வழிவிட்டது. 1924ல் ராக்லண்ட் வடிசாலை தொடங்கியது. 1974ல் வந்த அரசு வடிசாலைக் கூட்டுத்தாபனம் 1992ல் தனியார் கைக்குப் போனது. இத்தனை கை மாறியும் பாளையும் கயிறும் மாறவில்லை. என் மதிப்பில் இது எந்த விஸ்கிக்கும் குறைந்த கலை அல்ல.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. தென்னை இருந்தும் இந்தக் கலை நமக்கு வளரவில்லை. கொழும்பு போகிற ரசிகர்களே, மொலாசஸ் ஸ்பிரிட் கலந்த புட்டியைத் தவிர்த்து, தென்னங்கள்ளில் மட்டுமே வடித்ததைக் கேட்டு வாங்குங்கள். கோலா ஊற்றிக் கெடுக்காதீர்கள். கொஞ்சம் தண்ணீர் போதும்.