கேள்வியைச் சொல்லுங்கள், டேட்டாபேஸைச் சொல்கிறேன்

அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் யாராவது, "கிளவுடில் எந்த டேட்டாபேஸ் எடுக்கலாம்?" என்று கேட்டுவிட்டால் போதும். டீ ஆறிவிடும், நான் ஆறமாட்டேன். அப்படி ஒரு கிறுக்கு எனக்கு இந்த விஷயத்தில்!

வண்டி உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு ஷாஃப்ட் கேட்டைத் தாண்டுவதற்குள் எத்தனை காகிதம்! பர்ச்சேஸ் ஆர்டர், இரும்பு எந்த உருக்கில் வந்தது என்று சொல்லும் ஹீட் நம்பர், ஜாப் கார்டு, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், டெலிவரி சலான், ஜிஎஸ்டி இன்வாய்ஸ். ஒன்றை இழுத்தால் எல்லாம் கூடவே வரும். இவற்றை அமேசானின் ஆர்டிஎஸ் சேவையில், போஸ்ட்கிரெஸ் டேபிள்களாகப் போட்டேன்.

ஒரு மாதக் கடைசியில் முதலாளி கேட்டார்: "தம்பி, திரும்பி வந்த பீஸெல்லாம் எந்த ஹீட்டு? அதே ஹீட்ல இன்னும் எவ்வளவு ஸ்டாக் கெடக்கு?" நான்கு டேபிளை ஜாயின் செய்து ஒரே ஒரு குவெரி. என்டர் தட்டினேன், பதில் வந்து நின்றது! இப்படி ஒரு கேள்வி வருமென்று டேபிள் போட்ட அன்றைக்கு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஐபிஎம்-மில் இருந்த எட்கர் காட் 1970-ல் எழுதிய கட்டுரையின் மகிமை இதுதான்: தகவல் உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறது என்ற கவலையே இல்லாமல், வேண்டியதைக் கேட்கலாம்.

இன்னொரு சுகம், டிரான்சாக்‌ஷன். சலான் போட்டால் ஸ்டாக் குறைய வேண்டும். நடுவில் ஏதாவது கோளாறானால் இரண்டுமே நடக்காது. பாதிக் கணக்கு என்ற பேச்சே கிடையாது. ஆர்டிஎஸ் பேக்கப்பையும் தானே எடுத்து, நாம் சொன்னால் 35 நாள் வரை வைத்திருக்கும்.

அப்படியானால் நோஎஸ்கியூஎல் வேண்டாமா? ஐயோ, அதன் அழகே வேறு! சிஎன்சி மெஷின்களில் சென்சார் மாட்டினோம். நொடிக்கு ஒரு ரீடிங் என்றால் ஒரு மெஷினுக்கு ஒரு நாளைக்கு 86,400. ஒன்று ஸ்பிண்டில் சூட்டை அனுப்பும், இன்னொன்று அதிர்வையும் சேர்த்து அனுப்பும். ஆனால் நாங்கள் கேட்பது எப்போதும் ஒன்றே ஒன்று: இந்த மெஷின், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை. அமேசானின் நோஎஸ்கியூஎல் சேவையான டைனமோடிபி-யில் மெஷின் நம்பரை பார்ட்டிஷன் கீயாகவும் நேரத்தை சார்ட் கீயாகவும் வைத்தேன், முடிந்தது வேலை. பழைய ரீடிங்குக்குக் காலாவதி குறித்துவிட்டால் அதுவே அழித்துக்கொள்கிறது. ஓடின அளவுக்கே கட்டணம் என்பதால், ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு விட்டால் எழுதும் செலவுக்கும் லீவு!

உண்மையைச் சொன்னால், ஒரு பட்டறையின் ரீடிங்கை போஸ்ட்கிரெஸே அலட்டாமல் தாங்கும். ஆவடி, பூந்தமல்லி என்று பட்டறைகள் சேரச் சேர, சர்வர் சைஸைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை பாருங்கள், அங்கேதான் டைனமோடிபி ஜெயிக்கிறது. 2024 பிரைம் டே விற்பனையில் உச்ச நேரத்தில் நொடிக்கு 14.6 கோடி கோரிக்கைகளைச் சமாளித்த சேவை. நம் மெஷினெல்லாம் அதற்குத் தூசு.

ஆனால் அதில் ஜாயின் கிடையாது. முதலாளி கேட்ட அந்த ஹீட் நம்பர் கேள்வியை அங்கே கேட்டிருந்தால், மொத்தத்தையும் துழாவ வேண்டும், துழாவியதற்குக் காசும் கட்ட வேண்டும்.

ஆக, என் கட்சி இதுதான். கேட்கப்போகும் கேள்வி முன்கூட்டியே தெரியும், மாறாது, வரத்தும் வெள்ளமாக இருக்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டைனமோடிபி. நாளைக்கு யார் என்ன கேட்பார்களோ தெரியாது என்றால் போஸ்ட்கிரெஸ். கஸ்டமருக்குக் கஸ்டமர் மாறும் இன்ஸ்பெக்‌ஷன் படிவத்தைக்கூட அதிலேயே ஜேசன்பி நெடுவரிசையில் போட்டுவிடலாம். 2014-லிருந்தே அந்த வசதி இருக்கிறது. இரண்டும் புரியாமல் குழம்புகிறீர்களா? போஸ்ட்கிரெஸில் தொடங்குங்கள். நம் ஊர் முதலாளிகள் புதுக் கேள்வி கேட்காமல் இருந்ததாகச் சரித்திரமே இல்லை!