தாமரையும் கண்மாயும்

மதுரையைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள் தாமரையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பரிபாடலைச் சேர்ந்ததாகக் கிடைத்திருக்கும் ஒரு பாடல் ஊரைத் தாமரைப் பூவாகவும், தெருக்களை இதழ்களாகவும், நடுவே இருந்த கோயிலைப் பொகுட்டாகவும் கண்டது. அந்தக் கவிஞனுக்கு அது தரிசனம். எத்தனையோ நூற்றாண்டுகள் கழித்து அதைத் திருப்பிச் சொல்கிறவர்களுக்கு வெறும் பழக்கம். சிறுகதையிலும் விழா மலரிலும் சுற்றுலாக் கையேட்டிலும் அதே பூ. பூவுக்கு வெளியே என்ன இருந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

என் கட்சி இதுதான்: மதுரையைச் சுற்றிய நிலத்தை, அதன்மேல் எந்தப் பிரியமும் இல்லாதவர்கள் வரைந்த பழைய வரைபடங்கள் நம் இலக்கியத்தைவிட நன்றாகப் பதிவு செய்திருக்கின்றன. இது ஏன் நேர்ந்தது என்பது விமர்சனம் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி.

சில வருஷங்களாக இந்த வரைபடங்களின் பிரதிகளைச் சேர்த்து வருகிறேன். மாநகராட்சியின் இன்றைய வார்டுப் படத்தை அடியில் வைத்து, பழையவற்றை டிரேஸிங் தாளில் எடுத்து மேலே பொருத்திப் பார்ப்பது என் வழக்கம். அளவுகள் ஒத்துப்போவதில்லை, ஆற்றையும் கோயிலையும் ஆணிகளாக வைத்துக்கொண்டு மற்றதை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு படமும் எதற்காக வரையப்பட்டது என்பது புலனாகிறது.

1763–64இல் யூசுப் கானுக்கு எதிராகக் கும்பினிப் படை மதுரையை முற்றுகையிட்டது. முற்றுகைக்கு வரைகிற பொறியாளனுக்கு மதிலும் கொத்தளமும் அகழியும் வாசல்களும்தான் ஊர். பீரங்கி எட்டும் தூரம் அவனுடைய உலகத்தின் எல்லை. 1764 அக்டோபரில் யூசுப் கானைத் தூக்கிலிட்டதோடு அந்தப் பார்வையின் வேலை முடிந்தது.

முக்கால் நூற்றாண்டு கழித்து, 1840ஐ ஒட்டிய வருஷங்களில், கலெக்டர் பிளாக்பர்ன் அந்த மதிலையே இடித்தார். இடித்த மண்ணைப் போட்டு அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த நிலமே கிடைக்கும் என்பது ஏற்பாடு. வேலையை நடத்திய சர்வேயர் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்று தெருப் பெயர்கள், பிளாக்பர்னுக்கு விளக்குத்தூண். கோட்டையில் மிஞ்சிய ஒரு கொத்தளம் பெரியார் பஸ் நிலையத்தின் பக்கத்தில் நிற்கிறது. மதிலும் அகழியும் இருந்த வளையத்தில் வெளி வீதிகள். இவ்வளவையும் வரைபடம் இல்லாமலே தெருப் பெயர்களைக் கொண்டு படித்துவிடலாம். சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுகிறது. திருவிழாவை மாசியிலிருந்து சித்திரைக்கு மாற்றியவர் திருமலை நாயக்கர் என்பார்கள். விழா மாறியும் வீதியின் பெயர் மாறவில்லை. நகர்ந்துபோன ஒன்றின் தடயத்தைப் பெயர் பிடித்து வைத்திருக்கிறது.

கோட்டைக்குள் இந்த வாசிப்பு சுலபம், ஏனென்றால் நம் கவனம் முழுவதும் அங்கேதான் இருந்து வந்திருக்கிறது. வெளியே வருவோம். சர்வே ஆஃப் இந்தியாவின் அங்குலத்துக்கு ஒரு மைல் தாள்களில் மதுரை வருவது 58 கே/1. அதை விரித்ததும் கண்ணில் படுவது கோயில் இல்லை, நீலம். வைகைக்கு வடக்கே செல்லூர், தல்லாகுளம், உலகனேரி, வண்டியூர். தெற்கிலும் மேற்கிலும் மாடக்குளம், தென்கால். ஒவ்வொன்றுக்கும் ஒரு கரை, குறுங்கோடுகள் தைத்த கறுப்புக் கோடாக. மேட்டுக் கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாகக் கீழ்க் கண்மாய்க்கு, அது நிரம்பினால் அதற்கும் கீழே, கடைசியில் ஆற்றுக்கு. சமவெளி என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிற இந்த நிலத்தின் மெல்லிய சரிவை முழுக்கப் பயன்படுத்திக்கொண்ட அமைப்பு அது. தாமரை உவமைக்குள் இதற்கு இடமில்லை.

அந்தத் தாளையும் அதற்கு அடிப்படையான கிராம வரைபடங்களையும் வரைந்தவர்கள் நீர் நிர்வாகத்தின் மேன்மையை உலகுக்குச் சொல்ல வரையவில்லை. நஞ்சைக்கு ஒரு தீர்வை, புஞ்சைக்கு ஒரு தீர்வை. எது நஞ்சை என்று தெரிய எந்த மடையில் தண்ணீர் பாய்கிறது என்று தெரிய வேண்டும். வசூலுக்காக அளந்தவன் மடை மடையாக அளந்தான். சுரண்டலுக்கென்று தயாரான ஆவணம், அதன் கறார்த்தனத்தினாலேயே, பிற்பாடு நிலத்தின் பக்கம் நின்று சாட்சி சொல்கிறது. தன் ஆசிரியனின் நோக்கத்தை மீறி நிற்கும் பிரதி என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் நடந்தது தெரிந்த கதை. 1901இல் மதுரையின் ஜனத்தொகை 1,05,984. 2011இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. அதே ஆண்டு வார்டுகள் 72லிருந்து 100ஆகி, மாநகராட்சிப் பரப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகி, 148 சதுர கிலோமீட்டரை எட்டியது. ஊர் வளர்ந்த திசையெல்லாம் கண்மாய்தான் இருந்தது. 2004இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாய்ப் பரப்பில் நிற்கிறது. மாட்டுச் சந்தையின் பெயரைத் தாங்கிய மாட்டுத்தாவணிக்கு 1999இல் பஸ் நிலையம் வந்தது. கூடலழகர் கோயிலுக்கு மாலைபோல் ஓடியதாகச் சொல்லப்படும் கிருதுமால் நதி சாக்கடையாயிற்று. புதிய வரைபடத்தில் தல்லாகுளம் ஒரு வட்டாரத்தின் பெயர் மட்டுமே. குளம் எங்கே என்று பெயர்கூட நம்மைக் கேட்பதில்லை.

1914–15இல் சென்னை ராஜதானியின் ஊர்களைச் சுற்றி வந்த பாட்ரிக் கெட்டிஸ் மதுரையையும் பார்த்து அறிக்கை எழுதியவர். மலேரியாவுக்குப் பயந்து குளங்களைத் தூர்ப்பதைத் தன் இந்திய அறிக்கைகளில் கடுமையாக எதிர்த்தவர். இடிப்பதற்கு முன் ஊரைக் கால்நடையாகப் படியுங்கள் என்பது அவர் கட்சி. கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் மழை பெய்தது. அதில் பெரும்பங்கு மிகக் குறைந்த நேரத்தில். செல்லூர்க் கண்மாயின் உபரியை வைகைக்குக் கொண்டுபோகும் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி வழிந்து, வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பத்திரிகைகள் எதிர்பாராத வெள்ளம் என்றன. பழைய தாளை வைத்திருப்பவனுக்கு அதில் எதிர்பாராதது எதுவும் இல்லை. தண்ணீர் தன் பழைய வழியில்தான் வந்தது.

இப்போது நம் இலக்கியத்துக்கு வருகிறேன். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) கடல் கடந்துபோனவனின் நினைவில் மதுரைத் தெருக்களை மீட்டெடுத்தது. ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' (1974) சந்துகளுக்குள் ஒரே நாளில் ஒரு முழு வாழ்க்கையைக் காட்டியது. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' (2008) கோட்டை இடிபட்டதையும் கோட்டைக்கு வெளியே ஒரு காவல்காரக் கிராமத்தையும் விரிவாக எழுதியது. மூன்றும் தாமரையை நம்பாதவை, அதனாலேயே நிற்கின்றன. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், நம் கண்முன்னால், ஒரு நீர் நிலம் வீட்டு மனையாக மாறியதே, அதை எழுதியது யார்? மதில் இடிந்தால் சத்தம் கேட்கிறது. கண்மாய் சத்தமில்லாமல், சிவப்புக் கல் நட்டு, பிளாட் பிளாட்டாகப் போகிறது. நாம் அப்போதும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இலக்கியத்தை சர்வே ஆபீசின் கிளையாக்கப் பார்க்கிறேன் என்று நண்பர்கள் சொல்லலாம். வரைபடம் போதும் என்று நான் சொல்லவில்லை. 58 கே/1இல் மடை இருக்கிறது. மடையைத் திறந்த நீர்ப்பாய்ச்சி இல்லை. தண்ணீர் முதலில் யார் வயலுக்குப் போயிற்று, கடைமடையில் எந்தச் சாதி காத்துக் கிடந்தது, எந்தப் படித்துறையில் யார் இறங்கக்கூடாது என்பதற்கு அந்தத் தாளில் குறியீடு கிடையாது. பழைய நீலத்தைப் பார்த்து ஏங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கண்மாய் இருந்த காலம் பொற்காலம் என்று எழுதினால் அது இன்னொரு தாமரைதான்.

வரைபடம் விட்ட இடத்திலிருந்துதான் எழுத்துக்கு வேலை ஆரம்பிக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர, வரைபடம் சொன்னவரையாவது தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கரை எங்கே திரும்பியது, கலுங்கு எந்த மூலையில் இருந்தது, இப்போது அதன்மேல் நிற்பது யார் வீடு என்று தெரியாமல் எழுதப்படும் ஊர், எந்த ஊராகவும் இருக்கலாம். மடை மூடிய பிறகும் கொஞ்ச காலம் நீர்ப்பாய்ச்சி உயிரோடுதான் இருந்திருப்பான். சாயங்காலம் அவன் எந்தப் பக்கம் நடந்தான் என்பதை எழுத ஓர் ஆள் வேண்டும்.