வெயிலை வென்ற கட்டடங்கள்

கட்டடக்கலை மீது கொஞ்சமாவது ஆசை இருக்கிறதா? அப்படியானால் அகமதாபாத்தைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்! கோடையில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் ஊர். அந்த வெயிலை எப்படிச் சமாளிப்பது என்று ஐந்நூறு ஆண்டுகளாக யோசித்து யோசித்தே அழகாகிப்போன ஊர்.

வடக்கே அடாலஜில் இருக்கிறது ராணி ருடாபாய் 1499இல் கட்டி முடித்த படிக்கிணறு. பூமிக்குள் ஐந்து அடுக்கு! இறங்க இறங்க அனல் விலகி, உடம்பெல்லாம் குளுமை பரவுகிறது. உச்சிப்பொழுதில் சிறிது நேரம் தவிர நேர்வெயில் படிகளைத் தொடுவதே இல்லை. கண் பழகியதும் மணற்கல் சுவர்கள் உயிர்பெறுகின்றன: யானை வரிசை, கொடிகள், மோர் கடையும் பெண்கள். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் நின்று கதை பேசவும் இடம் விட்டிருக்கிறார்களே, அந்த மனதுக்கே கோயில் கட்டலாம்.

நகருக்குள் 1573இல் எழுந்த சிதி சையத் மசூதி. அதன் மேற்குச் சுவரின் கல் ஜன்னலில் ஒரு மரம், கிளையோடு கிளை பின்னிப் படர்ந்திருக்கிறது. கல்லைச் சல்லடையாக்கி, ஒளியையும் காற்றையும் அளவாக உள்ளே விட்டிருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். சில காம்புகள் விரல் பருமன்கூட இருக்காது.

அங்கிருந்து ஆசிரமச் சாலைக்குப் போனால், கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1954இல் ஆலை உரிமையாளர் சங்கத்துக்குக் கட்டிய கான்கிரீட் கட்டடம். மேற்கு முகத்தில் தடுப்புப் பலகைகள் சாய்வாக நின்று மாலை வெயிலை மறிக்கின்றன. சபர்மதி ஆற்றைப் பார்த்த கிழக்கில் அவை நேராகத் திறந்து காற்றை அழைக்கின்றன. நான் மெய்ம்மறந்து நின்ற இடம் இது. கல் ஜன்னல் செய்த அதே வேலையை இங்கே கான்கிரீட் செய்கிறது!

இன்னொரு கட்டடக் கலைஞரான லூயி கான் வடிவமைத்த ஐஐஎம் (இந்திய மேலாண்மைக் கழகம்) வளாகத்தின் செங்கல் சுவர்களில் உள்ள பிரம்மாண்ட வட்டத் திறப்புகளும் வெயிலைச் சமாளிக்கத்தான். கொர்பூசியேயிடம் பாடம் படித்து, கானோடு வேலை செய்த பி.வி. தோஷியோ ‘சங்காத்’ என்ற தன் அலுவலகத்தைப் பாதி மண்ணுக்குள் இறக்கினார். வளைகூரை மேல் வெள்ளைப் பீங்கான் சில்லுகளைப் பதித்து வெயிலைத் திருப்பி அனுப்பினார். படிக்கிணற்றின் பேரப்பிள்ளை என்றே அதைச் சொல்வேன். 2018இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு தோஷியைத் தேடி வந்தது. இந்தியர் ஒருவருக்கு அதுவே முதல் முறை.

குளிர்காலத்தில் போவதுதான் சுகம் என்பார்கள். நான் சொல்வேன், ஏப்ரலில் போங்கள். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், ஐஐஎம்முக்கு முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள், அடாலஜுக்கு மட்டும் உச்சிவெயிலில் போய்ச் சேருங்கள்.