அறுபத்துமூவரின் தேசம்: பட்டியலும் வாசலும்

பெரியபுராணம் தமிழரின் தேசிய இலக்கியம் என்கிற பேச்சு வெகுநாளாக இருக்கிறது. 'தேசிய இலக்கியம்' என்று தலைப்பிட்டே அ.ச. ஞானசம்பந்தன் நூல் எழுதினார். மேடைகளில் இதற்குச் சொல்லப்படும் காரணம், எல்லாச் சாதியும் அதில் இருக்கிறது என்பது. குயவர் திருநீலகண்டர், வேடர் கண்ணப்பர், பரதவர் அதிபத்தர், ஏகாலியர் திருக்குறிப்புத்தொண்டர், பாணர், சாலியர், வேளாளர், அந்தணர், அரசர். சரி, தேசம்னு சொல்லியாச்சு. அப்போ அதன் குடிக்கணக்கையும் எடுத்துப் பார்த்துவிடலாமே?

12ஆம் நூற்றாண்டில் தேசம் ஏது என்று கேட்பீர்கள். தேசத்தைக் கற்பிதம் செய்யப்பட்ட சமூகம் என்று 1983இல் எழுதிய பெனடிக்ட் ஆண்டர்சனும் அது அச்சு முதலாளியத்தோடு வந்தது என்றுதான் சொன்னார். வாஸ்தவம். ஆனால் சோழர் காலப் பிரதியைத் 'தேசிய'மாக வாசித்தது நம்ம 20ஆம் நூற்றாண்டு. கணக்கெடுப்பு வெறுமனே எண்ணுவதில்லை, எண்ணப்படுகிற பிரிவுகளையே உண்டாக்குகிறது என்பதையும் ஆண்டர்சன் 1991 பதிப்பில் சேர்த்தார். அந்தக் கண்ணோடுதான் நான் சேக்கிழாரிடம் போகிறேன்.

நூல் அரங்கேறியது தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் என்பது மரபு. பட்டியல் சுந்தரருடையது. அதில் முதல் பெயர் தில்லைவாழ் அந்தணர், அதுவும் தனியாளாக அல்ல, தொகையாக. அடுத்த பெயர் அதே ஊர்க் குயவர். பட்டியலில் பக்கத்தில் இருப்பது தெருவில் பக்கத்தில் இருப்பதாகிவிடுமா? பெண்கள் 63இல் மூன்றே பேர்.

நந்தனை எடுத்துக்கொள்வோம். ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேக்கிழார் கூரை, கோழி, நாய்க்குட்டி, வார்த்தோல் என்று பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் எழுதுகிறார். அந்தப் பகுதியின் அழகை நான் மறுக்கவில்லை. முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் நந்தன் கொடுக்கிறான். தோல் உள்ளே போகிறது, ஆள் தில்லை எல்லையைச் சுற்றிச் சுற்றி வருகிறான். கடைசியில் இறைவனே கனவில் வந்து தீயில் மூழ்கி வரச் சொல்கிறார். எழுந்து வருவது புலைப்பாடி நந்தன் அல்ல, பூணூலும் சடையும் கொண்ட முனிவர். சபைக்குள் போனதும் அவரும் மறைந்துவிடுகிறார். கணக்கில் ஒன்று கூடிவிட்டது, ஆளைக் காணோம். பாணருக்குத் திருவாரூரில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். தீ வேண்டியிருக்கவில்லை, ஆனால் வடக்கே தனி வாசல்.

பட்டியலுக்கு வெளியே நின்றவர்களைப் பார்க்கக் கடலூர்ப் பக்கம் வரவேண்டும். திருப்பாதிரிப்புலியூர்தான் பழைய பாடலிபுத்திரம். சர்வநந்தி 458இல் 'லோகவிபாகம்' எழுதிய பாடலிகா இதுவே என்பது அறிஞர் கருத்து. அப்பர் தருமசேனராக இருந்ததும் இங்கிருந்த சமணப் பள்ளியில்தான். பல்லவ அரசன் மதம் மாறியதும் அந்தப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் கோயில் எடுத்தான் என்று புராணமே பெருமையோடு சொல்கிறது. மதுரையில் கழுவேறிய எண்ணாயிரவரும் அதே நூலில்தான் இருக்கிறார்கள். உள்ளே வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் உண்டு. வெளியே போனவர்களுக்கு வெறும் எண்.

இதெல்லாம் பழங்கதை, விடுங்க என்று நண்பர்கள் சொல்லலாம். 2011 கணக்கெடுப்பில் இந்திய மக்கள் தாய்மொழியாகச் சொன்ன பெயர்கள் 19,569. சீர்செய்து அரசு 1,369 ஆக்கியது. மொழி என்று பட்டியலில் நின்றவை 121. எட்டாம் அட்டவணையில் இருப்பவை 22. வேற்றுமையில் ஒற்றுமை என்று கொண்டாடப்படும் தேசத்துக்கும் சீர்செய்யும் தீ ஒன்று தேவைப்படத்தான் செய்கிறது.

ஆகவே எல்லாமே கற்பிதம் என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. உள்ளே போகவேண்டிய தேவை உள்ளவனுக்கு அந்தச் சொல்லால் ஆவதொன்றுமில்லை. சிதம்பரத்திலேயே இதற்கு வேறொரு வாசிப்பு நடந்திருக்கிறது. 1916இல் சுவாமி சகஜானந்தர் அங்கே நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். அவர் புராணத்தை மறுத்தவரல்ல, சைவத் துறவி. ஆனால் ஒருவன் தனியாகத் தீயில் இறங்கிய கதையை, பல பிள்ளைகள் சேர்ந்து நுழையும் வாசலாக மாற்றினார். அங்கே போக யாரும் சேரியை எரித்துவிட்டு வரவேண்டியதில்லை.

பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்பது பாதிக் கேள்விதான். எதை விட்டுவிட்டு வந்தார்கள், யாரை விரட்டி அந்த இடம் காலியானது என்பது மீதி. தேசிய இலக்கியம் என்று இனி யாராவது ஆரம்பித்தால் நாம் அந்த மீதியிலிருந்து பேசத் தொடங்குவோம்.