உட்கார்ந்தபடியே ஓர் ஏற்றம்

2010 ஏப்ரல், ஃப்ளாண்டர்ஸ் சைக்கிள் பந்தயம். பெல்ஜியத்தின் கெரார்ட்ஸ்பெர்கன் ஊரில், உச்சியில் சிற்றாலயம் ஒன்று நிற்கும் மியூர் குன்று. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்துவிட்டு இரண்டு பேர் மட்டும் முன்னால் ஏறுகிறார்கள். ஒருவர் ஸ்விட்சர்லாந்தின் ஃபேபியன் கான்செல்லாரா. மற்றவர் டோம் போனன், இரண்டு முறை இந்தப் பந்தயத்தை வென்ற மண்ணின் மைந்தர். ஏற்றம் செங்குத்தாகும் இடத்தில் இருவருக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுகிறது. ஒரு சைக்கிள் நீளம், பிறகு இரண்டு, பிறகு பத்து. கான்செல்லாரா எழுந்து நிற்கவில்லை, தோளை ஆட்டவில்லை. சீட்டில் அமர்ந்தபடியே போய்விட்டார். முடிவுக்கோட்டில் ஒரு நிமிடத்துக்கும் மேலான வித்தியாசம்.

ஃப்ளாண்டர்ஸ் பந்தயத்தின் அழகு முழுவதும் அந்த உட்கார்ந்த நிலையில் இருக்கிறது என்பேன்.

மேடு வந்தால் எழுந்து நின்று மிதிப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். தார்ச்சாலையில் அது சரி. கல் பாவிய சாலையில் நின்றால் உடலின் எடை முன்னால் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிக் கல்லுக்குக் கல் துள்ளுகிறது. துள்ளும் அந்தக் கணத்தில் மிதித்த மிதி வீண். ஈரம் இருந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அதனால் சீட்டை விடாமல், எடையைப் பின்னால் அழுத்திக்கொண்டு, பெடல் சுற்றும் வட்டம் எங்கும் விசை சீராக இறங்கும்படி மிதிக்க வேண்டும். கைகளோ நேர்மாறாக இளகியிருக்க வேண்டும். ஹேண்டில்பாரை இறுகப் பிடித்தால் கல்லின் அதிர்வு அப்படியே தோளுக்கு ஏறும். இடுப்புக்குக் கீழே அத்தனை வலு, மணிக்கட்டில் அத்தனை மென்மை! வீணை வாசிப்பவரிடம் காண்கிற அந்த இரட்டைக் கட்டுப்பாடு, இருபது சதவீதச் சரிவில், எரியும் தொடைகளோடு.

கேரல் வான் வைனன்டால என்ற பத்திரிகையாளர் 1913இல் தொடங்கிய பந்தயம் இது. ஒரே நாளில் சுமார் 270 கிலோமீட்டர். இங்குள்ள குன்றுகளை மலை என்று சொன்னால் மலைநாட்டார் சிரிப்பார்கள். கடைசியில் வரும் பாட்டர்பெர்க்கின் நீளம் 360 மீட்டர்தான். ஆனால் அதன் சராசரிச் சரிவு ஏறத்தாழ 13 சதவீதம், உச்சத்தில் 20. அடிவாரத்தில் சட்டென்று வலப்பக்கம் திரும்ப வேண்டியிருப்பதால், வந்த வேகமெல்லாம் அங்கேயே கரைந்துவிடும். ஏறக்குறைய நின்ற நிலையிலிருந்து ஏற வேண்டும். 2021இல் மகளிர் பந்தயத்தில் நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன் இங்கேதான் மற்ற பெண்களைப் பிரிந்து, மிச்சமிருந்த 13 கிலோமீட்டரையும் தனியாக ஓட்டி வென்றார். இந்தப் பந்தயத்தில் அவருடைய முதல் வெற்றிக்குப் பத்து ஆண்டுகள் கழித்து!

ஆனாலும் நான் ரசித்து ரசித்துப் பார்ப்பது அதற்கு முன்னால் வரும் அவுட க்வாரமோன்ட்டை. 2.2 கிலோமீட்டர் ஏற்றம். முதலில் தார், பிறகு கல். கல் தொடங்கியதும் மிகச் செங்குத்தான பகுதி, அடுத்து ஊரின் நடு. அங்கே சரிவு குறைகிறது. பார்ப்பவருக்கு ஏற்றம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். கல் முடியவில்லை. மேட்டின் மேல், கண்ணுக்குத் தெரியாத சரிவில், இன்னும் நீண்டுகொண்டே போகிறது. பந்தயம் உடைவது பெரும்பாலும் அங்கேதான். செங்குத்தில் எல்லோரும் பல்லைக் கடித்துத் தாங்குகிறார்கள். மூச்சு வாங்கலாம் என்று நினைத்த இடத்தில் பெரிய கியருக்கு மாற்றி மிதிக்க முடிந்தவர் ஒருவரோ இருவரோதான். 2017இல் ஃபிலிப் ஷில்பேர் பிரிந்தது, ஒரே பந்தயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரும் இந்த ஏற்றத்தில். முடிவுக்கு 55 கிலோமீட்டர் இருந்தது. கடைசிவரை தனியாகவே வந்து, கோட்டுக்கு முன்னால் இறங்கி, சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நடந்து கடந்தார்.

கொப்பன்பெர்க்கின் கதை வேறு. 22 சதவீதம் வரை போகும் ஒடுங்கிய பாதை. முன்னால் ஒருவர் தடுமாறிக் கால் ஊன்றினால் பின்னால் வரும் அத்தனை பேரும் ஊன்ற வேண்டியதுதான். அடிவாரத்துக்கு வருவதற்கு முன்பே முன்வரிசைக்கு அடித்துக்கொள்கிறார்களே, அது இதற்காகத்தான். 1987இல் கீழே விழுந்த ஜெஸ்பர் ஸ்கிபியின் சைக்கிள் மீது அமைப்பாளரின் கார் ஏறிப் போனது. அதன்பின் 2002 வரை அந்தக் குன்றே பாதையில் இல்லை. 2024இல் மழை. உலகின் தலைசிறந்த வீரர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வழுக்கி வழுக்கி நடந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் மத்தியூ வான் டெர் பூல் அமர்ந்தும் சற்றே எழுந்தும், பின்சக்கரம் நழுவும்போதெல்லாம் எடையை மாற்றிச் சமாளித்து ஏறிய அந்தச் சில நொடிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அன்று வென்றவரும் அவரே.

2012இல் முடிவுக்கோடு அவுடனார்டேவுக்கு மாறியபோது மியூர் விடுபட்டது. பிறகு சில ஆண்டுகள் திரும்பி வந்தாலும், வெற்றியைத் தீர்மானிக்கும் பழைய இடம் அதற்குக் கிடைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் க்வாரமோன்ட்டும் பாட்டர்பெர்க்கும் அடுத்தடுத்து வரும் இப்போதைய முடிவு வேறொரு நுட்பத்தைத் தந்திருக்கிறது. 2022இல் தடேய் பொகாச்சர் இரண்டு ஏற்றங்களிலும் முடுக்கிப் பார்த்தார். வான் டெர் பூல் எப்படியோ ஒட்டிக்கொண்டார். கடைசிக் கிலோமீட்டரில் இருவரும் ஒருவரையொருவர் நோட்டமிட்டு வேகம் குறைக்க, பின்னாலிருந்து இருவர் வந்து சேர்ந்தார்கள். இறுதி ஓட்டத்தில் வழி அடைபட்டு, அன்று மிக வலுவாகத் தெரிந்த பொகாச்சர் நான்காவதாக முடித்தார். அடுத்த ஆண்டு அவர் பாட்டர்பெர்க்குக்காகக் காத்திருக்கவில்லை. கடைசி க்வாரமோன்ட்டிலேயே வான் டெர் பூலைக் கழற்றிவிட்டு, யாரோடும் இறுதி ஓட்டம் ஓட வேண்டிய நிலையே வராதபடி தனியாக வந்து சேர்ந்தார். டூர் டி பிரான்ஸையும் இந்தப் பந்தயத்தையும் வென்றவர்கள் அதுவரை லூயிசோன் போபேயும் எடி மெர்க்ஸும் மட்டுமே.